சாமியார் கேட்ட பாடு

உவரிக் கடற்கரையில் அன்று காலை ஒரு புது வள்ளத்தைக் கடலில் இறக்கப் போகிறார்கள். நீல வண்ணம், நடுவே மஞ்சள் பட்டை. பெயிண்ட் முழுதாகக் காயவில்லை. தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாத பேச்சியின் விரலில் நீலம் ஒட்டியிருந்தது. அதை அவள் யாருக்கும் தெரியாமல் என் தாவணி முனையில் துடைத்தாள்.

வள்ளத்தின் மூக்கில் முல்லைச் சரம். பக்கத்தில் வெள்ளை அங்கியோடு சாமியார். காற்று அங்கியைத் தூக்கத் தூக்க, ஒரு கையால் அதை அமர்த்திக்கொண்டு மறு கையால் தீர்த்தம் தெளித்தார். சுற்றிலும் ஆண்களும் பெண்களும் மணலில் முழங்காலிட்டிருந்தார்கள்.

நாங்கள் மூன்று பேர் மட்டும் முழங்காலிடலாமா என்று தெரியாமலும் நிமிர்ந்து நிற்கக் கூச்சப்பட்டும், பஸ்ஸில் உயரமான ஆள் நிற்பதுபோல் பாதி குனிந்து நின்றோம். எங்கள் சமூகவியல் ஆசிரியை லீலா மிஸ், களக்காட்டுப் பேச்சி, திருநெல்வேலி டவுனிலிருந்து வந்த நான்.

"ஆண்டவரே, இந்த வள்ளத்தில் போகும் உம் பிள்ளைகளுக்கு நல்ல பாடு கிடைக்கச் செய்தருளும்" என்றார் சாமியார்.

"ஆமென்" என்றது கூட்டம். அதில் ஒரு கிழவர் இன்னும் கொஞ்சம் சத்தமாக, "நெறையப் பாடு கெடைக்கணும் சாமி" என்று சேர்த்துக்கொண்டார்.

லீலா மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

பேச்சி என் காதருகே வந்தாள். "ஏட்டி கோமு, பாடு வேணும்னு யாராச்சும் சாமிகிட்ட கேப்பாவளா? எங்க ஊர்லல்லாம் பாடு போதும்னுல்லா கேக்கோம்."

"சும்மா இரு. அதுதாண்டி நம்ம ஆராய்ச்சியே" என்றேன்.

அந்த மூன்று பேரில் புத்தியோடு பேசிய ஒரே ஆள் பேச்சிதான் என்பது தெரிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்குள் இந்த ஆராய்ச்சிக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

லீவில் என்ன வேலை?

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கல்லூரி விடுதியின் புளிக்குழம்பைப் பற்றி எழுதியதற்கு இரண்டு பழைய தோழிகள் போன் செய்து, அதைவிட மோசமாக இருந்தது என்று திருத்தம் சொன்னார்கள். ஏற்றுக்கொள்கிறேன். நல்லவேளையாக, இந்த வாரக் கதையில் விடுதி மூடியிருக்கிறது. கோடை விடுமுறை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தாமிரபரணியிலிருந்து கூப்பிடு தூரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் கல்லூரியில் நான் பி.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். "சமூகவியல் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று எங்கள் தெருவில் யார் கேட்டாலும் அப்பா, "சமூகத்துல வேலை கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விடுவார்.

லீலா மிஸ் எங்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். கல்லிடைக்குறிச்சிக்காரர். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக நடப்பார். பி.ஏ. பிள்ளைகளும் ஆராய்ச்சி செய்யலாம், லீவில் ஆசிரியரோடு ஓர் ஊருக்குப் போய் மனிதர்களிடம் கேட்டுப் பார்த்துத் தாங்களே எழுதலாம் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இப்போது இதைக் கேட்டால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அன்றைக்கு, ஆராய்ச்சி என்றால் தலை நரைத்த ஆண்கள் மதுரையில் செய்வது.

கல்லூரி முதல்வரை நாங்கள் மதர் என்போம். கண்ணாடிக்கு மேலே பார்த்தால் கண்டிப்பு, கண்ணாடி வழியாகப் பார்த்தால் அதைவிடக் கண்டிப்பு. பேசுவது இங்கிலீஷ். தப்பித் தவறித் தமிழ் பேசினாலும் பாடப்புத்தகத் தமிழ். எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. ரோமாபுரியிலிருந்து நேராக வந்து இறங்கியவர் என்று ஜூனியர் பிள்ளைகளிடம் பேச்சி சொல்லி வைத்திருந்தாள், அவர்களும் நம்பினார்கள்.

"முதலில் இந்தப் பிள்ளைகள் அரியர் இல்லாமல் தேர்ச்சி பெறட்டும்" என்றாராம் மதர். லீலா மிஸ் விடவில்லை. கடைசியில் மதர் ஒரு முடிவு சொன்னார். ஒரே ஒரு லீவு. கல்லூரி திறந்ததும் மதுரைப் பேராசிரியர் ஒருவரை வைத்து அரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டும். நன்றாக வந்தால் ஆண்டுதோறும் நடக்கும், தற்காலிக ஆசிரியையாக இருந்த லீலா மிஸ்ஸின் வேலையும் நிரந்தரமாகும். நன்றாக வராவிட்டால் இரண்டும் கிடையாது.

இதை மிஸ் எங்களிடம் மறைக்கவில்லை. "நீங்க சொதப்பினா நான் கல்லிடைக்குறிச்சியில அப்பளம் இடப் போகணும், பார்த்துக்கோங்க" என்றார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு முழுச் சிரிப்பாக இல்லை. நாங்கள் இருவரும் அவருக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தோம்.

பேச்சி கொடுத்த சொல்

விஷயம் இதுதான்: கடலோரக் குடும்பங்களின் பெண்கள் கஷ்ட காலத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள். உவரியை மிஸ் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், அவருடைய அத்தை வீடு பக்கத்தில் திசையன்விளையில் இருந்தது. தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும். ஆராய்ச்சியில் இதை 'களத்தேர்வு' என்று எழுத வேண்டும்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நானும் சைவம், மிஸ்ஸும் சைவம், அத்தை வீடு எங்கள் எல்லாரையும்விடச் சைவம். டவுனில் எங்கள் தெருவைக் கடக்கும்போது மீன்காரர் சைக்கிள் மணிகூட அடிக்க மாட்டார். மீனைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அது தண்ணீரில் இருக்கும் என்பது.

கேள்விகளை மிஸ்தான் முதலில் எழுதினார். "தங்கள் இல்லத்தில் நேர்ந்த இன்னல்கள் யாவை?" என்று ஒன்று இருந்தது. பேச்சி அதை வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னல்னு கேட்டா எந்தப் பொம்பளை பதில் சொல்லுவா மிஸ்? மின்னல்னு நெனச்சு மழை வருதான்னு மானத்தல்லா பாப்பா."

"சரி, உங்க ஊர்ல எப்படிக் கேப்பீங்க?"

"உங்க பாடு எப்படிக்கா இருக்குன்னு கேட்டாப் போதும் மிஸ். எங்கம்மாகிட்ட அப்படிக் கேட்டுப் பாருங்க, காத்துல வாழை சாஞ்சதுல ஆரம்பிச்சு எங்கப்பா வரைக்கும் ஒண்ணுவிடாம வரும்."

மிஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. மக்களின் சொல்லிலேயே மக்களைக் கேட்பது என்பது அவர் வகுப்பில் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லும் பாடம். இன்னல் போய், பாடு வந்தது. எனக்கும் அந்தச் சொல் பிடித்திருந்தது. கான்வென்ட் பள்ளியில் பத்து வரை படித்தவள் நான். பெரிய வெள்ளிக்கு முந்தைய நாட்களில் ஆண்டவரின் பாடுகளைப் பற்றி அவ்வளவு கேட்டிருக்கிறேன். கடலோரக் கத்தோலிக்கர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு ஏது என்று மிஸ்ஸிடம் விளக்கம் வேறு கொடுத்தேன். மிஸ் அதையும் பாராட்டினார். ஆக, படித்த மூன்று பேர் கூடி, யோசித்து, கருணையோடு அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தோம்.

கட்டுப்பாடு டீச்சர்

உவரிக்கு முதல் நாள் போய் இறங்கியதும் தெருவில் இருந்த பெண்கள் மளமளவென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். குடை, தோள்பை, கையில் தாள்கள், சுருக்கமில்லாத காட்டன் புடவை. இந்த அடையாளங்களோடு வந்த எல்லாரும் அதுவரை குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

ஒரு கதவு மட்டும் பாதி திறந்தது. "கட்டுப்பாடு டீச்சரா? எனக்கு ஆப்பரேசன் ஆயிட்டு, போய்ட்டு வாங்க."

"நாங்க காலேஜ் பிள்ளைங்கக்கா. சும்மா பேசிட்டுப் போக வந்தோம்" என்றாள் பேச்சி.

"சும்மா பேசவா? இந்த வெயில்லயா?" கதவு முழுதாகத் திறந்தது. அதுதான் மேரி அக்கா. எங்களை உட்காரவைத்து, செம்பில் தண்ணீர் கொடுத்து, பிறகு பக்கத்து வீட்டிலிருந்து உடன்குடிக் கருப்பட்டி போட்ட கடுங்காப்பியும் வாங்கிக் கொடுத்தார். அந்தக் காப்பியின் லேசான புகை வாசம் எனக்கு இன்றும் உவரியின் வாசம். கடல் வாசம் இரண்டாவதுதான்.

மேரி அக்காவின் காதுத் துளைகளில் கம்மல் இல்லை. வேப்பங்குச்சி செருகியிருந்தார். வீட்டில் அடுப்பு அன்று எரிந்ததாகத் தெரியவில்லை. நான் தாளை விரித்து, பயந்து பயந்து முதல் கேள்வியைக் கேட்டேன்.

"இப்ப உங்க பாடு எப்படிக்கா இருக்கு?"

"பாடா? சுத்தமாப் பாடே இல்லம்மா" என்றார் மேரி அக்கா.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காதில் வேப்பங்குச்சி, அணைந்த அடுப்பு. இந்தப் பெண்மணி சொல்கிறார், எனக்குத் துன்பமே இல்லை என்று. நான் குனிந்து எழுதினேன்: துன்பம் எதுவும் இல்லை.

வெயில் ஏறிய பிறகு

மிஸ் ஒரு விதி வைத்திருந்தார். உழைக்கிறவர்களை உழைக்கிற நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது. கரையில் வேலையெல்லாம் முடிந்து, பெண்கள் குளித்து, கொஞ்சம் சாய்ந்திருக்கும் நேரத்தில்தான் போக வேண்டும். நல்ல விதி. அதனால் கட்டுமரங்கள் கரையேறும் விடிகாலையில் நாங்கள் திசையன்விளையில் அத்தையின் இட்லிக்குக் கொத்தமல்லிச் சட்னியா தேங்காய்ச் சட்னியா என்று பேசிக்கொண்டிருப்போம். உவரியில் நாங்கள் இறங்கும்போது கரை காலியாக இருக்கும். காக்கைகளும் காயும் வலையும் மட்டும்தான்.

சாயங்காலங்களில் அத்தை வீட்டு மாடியில் நுங்கைத் தோண்டிக்கொண்டே விடைகளைப் பிரிப்போம். நாள் ஆக ஆக மிஸ்ஸுக்குத் தூக்கம் போய்விட்டது. விடைகள் அப்படி இருந்தன.

ஓலைக்குடிசைகளில், "பாடே இல்ல." மச்சு வீடு கட்டி, டி.வி. பெட்டிக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்த ஒரு வீட்டிலோ, அந்த அம்மாள் கை வளையல்களைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "இந்த வருசம் ஆண்டவர் புண்ணியத்துல எங்களுக்கு நல்ல பாடு. போன வருசத்தவிட ரெண்டு மடங்கு" என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது. அவ்வளவு மலர்ந்த முகத்தோடு ஒருவர் துன்பத்தைச் சொல்லி நான் பார்த்ததில்லை. அதையும் மிஸ் விளக்கிவிட்டார்.

"ஏழைகள் துன்பத்தைத் துன்பமா எண்ணுறதே இல்ல. வசதி உள்ளவங்க எண்ணுறாங்க, ஆனா அதையும் கடவுள் கொடுத்த கொடையா ஏத்துக்கிறாங்க. இது பெரிய கண்டுபிடிப்பு பிள்ளைகளா."

"நான் பாடுன்னு சொன்னது இவ்வளவு பெருசாப் போகும்னு நெனைக்கல மிஸ்" என்றாள் பேச்சி.

மிஸ் இதை இங்கிலீஷில் அழகாகச் சுருக்கி எழுதி மதருக்கும் மதுரைப் பேராசிரியருக்கும் தபாலில் அனுப்பினார். பாடு என்ற இடத்திலெல்லாம் துன்பத்துக்கான இங்கிலீஷ் சொல். மதுரையிலிருந்து, மிகவும் புதிய பார்வை, கேட்க ஆவலாக இருக்கிறேன் என்று பதில் வந்தது. மதரிடமிருந்து பதில் வரவில்லை. வராததே பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம். கட்டுரையை நான் வாசிப்பது என்றும் முடிவாயிற்று. வீட்டில் அம்மா அதற்காக ஒரு பச்சைப் பட்டுத் தாவணியை எடுத்து வெயிலில் உலர்த்தத் தொடங்கிவிட்டாள்.

கடைசி வாரத்தில்தான் மேரி அக்கா, தன் வீட்டுக்காரரும் கொழுந்தனும் சேர்ந்து வாங்கிய புது வள்ளத்தைச் சாமியார் மந்திரிக்கப் போகிறார், காலையிலேயே வந்துவிட வேண்டும் என்று கூப்பிட்டார். அவர் கம்மல் போன இடமும் அந்த வள்ளம்தான். போகாமல் இருக்க முடியுமா? விதியைத் தளர்த்தி, இருட்டு பிரியும் முன்பே பஸ் ஏறினோம்.

மணலில் விழுந்த சொல்

இனி ஆரம்பித்த இடத்துக்கு வரலாம். ஆமென் சொல்லி முடித்து எல்லாரும் எழுந்து முழங்கால் மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கலங்கிய கண்ணோடு லீலா மிஸ், மேரி அக்காவின் கையைப் பற்றிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேரி அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாருங்க மிஸ், சாமியாரு சொல்லி வாய மூடல, அந்தோணி மரத்துல பாடு வந்துட்டு."

மிஸ் பதறிப்போய், "ஐயோ, யாருக்கு? என்ன ஆச்சு?" என்றார்.

"என்ன ஆச்சா? கண்ணு முன்னாலல்லா துள்ளுது."

ஒரு கட்டுமரம் அலையோடு வந்து மணலில் மோதி நின்றது. அதில் வந்த இருவர் வலையை இழுத்துப்போட்டு உதறினார்கள். சாளை மீன்கள். மணலெல்லாம் வெள்ளி வெள்ளியாக விழுந்து துள்ளியது. பெண்கள் ஓலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி மற்றொருத்தியிடம் சந்தோஷமாகக் கத்தினாள்: "நல்ல பாடு, நல்ல பாடு."

மிஸ்ஸின் குரல் மெதுவாக வந்தது. "மேரி, பாடுன்னா மீனா?"

"மீனு படுறதுதான் பாடு. வேற என்ன?" மேரி அக்கா எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் மிஸ், ஒங்களுக்கு மேலுக்கு ஏதும் செய்யுதா?"

மிஸ் பக்கத்தில் கிடந்த ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். அத்தனை நாளும் நாங்கள் வீடு வீடாகப் போய், இன்றைக்கு மீன் எப்படி என்று விசாரித்திருக்கிறோம். கடல் கொந்தளிக்கும் காற்றுக் காலத்தில் மீன் கிடைக்காதவர்கள் 'இல்லை' என்றிருக்கிறார்கள். இருந்தவர்கள் நல்லா இருக்கு என்றிருக்கிறார்கள். பட்டினியை நாங்கள் நிம்மதி என்று எழுதியிருக்கிறோம். டி.வி. வைத்திருந்த அம்மாளை நினைத்து மூன்று நாள் வருத்தப்பட்டிருக்கிறோம்.

பேச்சி தலையில் கை வைத்தாள். "எங்க ஊருக்கு மீன் கொண்டாரவரு தெனமும், 'இன்னைக்குப் பாடு கம்மி தாயி'ன்னுதான் வெலையக் கூட்டுவாரு மிஸ். எங்கம்மா, 'ஒமக்காச்சும் கம்மி, எனக்கு நெறைய'ம்பா. ரெண்டு பேரும் பத்து வருசமா இப்படியே பேசுதாவ."

மிஸ் முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. சிரிக்கிறார். புடவை முந்தியை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தும் நிற்கவில்லை. பேச்சியும் தொடங்கினாள், நானும். விஷயம் புரிந்ததும் மேரி அக்கா மணலில் உட்கார்ந்து, "அப்ப நான் ஒரு கஷ்டமும் இல்லன்னா எழுதி வச்சிருக்கீங்க? அட பாவிப் பிள்ளையளா" என்று என் முதுகில் ஒன்று போட்டார். தூரத்தில் சாமியார், புது வள்ளத்தைக் கண்டு இவ்வளவு மகிழ்ச்சியா என்று எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

திருப்பிப் போட்டால் போதாதா?

சிரிப்பு பஸ் ஏறும் வரைதான் இருந்தது. ஜன்னலோரம் மிஸ் விடைத்தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தார். தேரிக்காட்டின் சிவப்பு மண்ணும் பனைகளும் ஓடிக்கொண்டிருந்தன.

"இல்லைன்னதை இருக்குன்னும், இருக்குன்னதை இல்லைன்னும் திருப்பிப் போட்டுட்டா சரியாப் போவாதா மிஸ்?" என்று கேட்டாள் பேச்சி.

"சில பேர் பாடுன்னு நம்மள மாதிரி கஷ்டத்தைத்தானே சொன்னாங்க" என்றார் மிஸ். "அந்தக் கடைசி வீட்டு ஆச்சி, மருமகளால பட்ட பாடுன்னு அரைமணி நேரம் சொன்னாளே. அதைத் திருப்பினா மருமக நல்லவளாயிருவா."

எனக்குப் பயம் வேறு. "மிஸ், இது யாருக்கும் தெரியாது. மதுரை சாருக்கும் பிடிச்சிருக்கு. மதருக்கும் அனுப்பியாச்சு. இப்பப் போய்த் தப்புன்னு சொன்னா உங்க வேலை…"

"மேரிக்குத் தெரியுமே" என்றார் மிஸ். தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "நாளைக்கும் காலையிலேயே போவோம்" என்றார்.

போனோம். மிஞ்சியிருந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி போனோம். ஊர் முழுக்க விஷயம் பரவியிருந்தது. "பாடு டீச்சரு வாராவ" என்று தெருமுனையிலேயே அறிவிப்பு. எந்தக் கதவும் மூடவில்லை. முன்பு ஒற்றை வரியில் பதில் சொன்னவர்கள் இப்போது எங்களைக் கேலி செய்வதற்காகவே உட்காரவைத்து, கேலி முடிந்ததும் மனம்விட்டுப் பேசினார்கள். டி.வி. வீட்டு அம்மாள் மட்டும், தன்னைப் பாவப்பட்டவள் என்று எழுதிவிட்டோமே என்று கோபித்துக்கொண்டு, பிறகு அதற்கும் காப்பி கொடுத்தார். பெட்டி சுமக்கும் பெண்களோடு கரையில் நின்றேன். மீன் செதிள் என் தாவணியில் ஒட்டி, திசையன்விளை அத்தை என்னைக் கொல்லைப்புறமாகத்தான் வீட்டுக்குள் விட்டார்.

புதுக் கட்டுரையில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. காற்றுக் காலத்தில் யார் வீட்டில் உலை வைப்பது, யார் பிள்ளை யார் வீட்டில் சாப்பிடுவது, கம்மல் எப்போது போகும் எப்போது திரும்பும் என்று சாதாரண விஷயங்கள். முதல் பக்கத்திலேயே நாங்கள் செய்த தப்பையும் எழுதினார் மிஸ். எழுதும்போது அவர் கை நின்று நின்று போனதைப் பார்த்தேன்.

முதல் வரிசை

கல்லூரி திறந்தது. அரங்கில் முதல் வரிசையில் நடுவே மதர், பக்கத்தில் மதுரைப் பேராசிரியர். அவர் கையில் எங்கள் பழைய இங்கிலீஷ் சுருக்கம் இருந்தது. அதில் அங்கங்கே அடிக்கோடு போட்டிருந்தார். பின்வரிசையில் அப்பா, அம்மா. ஓரத்தில் லீலா மிஸ், சுவரில் சாயாமல், நேராக நின்றுகொண்டிருந்தார்.

பச்சைத் தாவணியில் நான் மைக் முன்னால் நின்றேன், பக்கத்தில் பேச்சி. மிஸ் எழுதிக்கொடுத்தபடி தொடங்கினேன்.

"நாங்கள் கேட்ட கேள்வி: உங்க பாடு எப்படிக்கா இருக்கு? பெற்ற பதில்: சுத்தமாப் பாடே இல்லம்மா. நாங்கள் எழுதிக்கொண்டது: துன்பம் எதுவும் இல்லை."

பேராசிரியர் தலையாட்டி ஆமோதித்தார். மதர் மட்டும் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாத மதரை யாரும் பார்த்ததில்லை.

அடுத்த வரியை வாசித்தேன். "மச்சு வீட்டில் பெற்ற பதில்: ஆண்டவர் புண்ணியத்துல நல்ல பாடு. நாங்கள் எழுதிக்கொண்டது: மிகுந்த துன்பம். அதைக் கடவுளின் கொடையாகக் கருதுகிறார்."

முதல் வரிசையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மதர் சிரித்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, நாற்காலியோடு சேர்ந்து குலுங்கிச் சிரித்தார். பேராசிரியர் திகைத்துப்போய் அவரையும் என்னையும் பார்த்தார். மீதியை நான் எப்படி வாசித்தேன் என்று தெரியாது. வாசித்து முடித்தேன்.

பேராசிரியர் எழுந்து, கொஞ்சம் வருத்தத்தோடுதான் கேட்டார். "அப்படியானால் நீங்கள் எனக்கு அனுப்பிய அந்த அருமையான கருத்து?"

"அது எங்க கருத்து சார். அவங்க சொன்னதில்ல" என்றார் லீலா மிஸ். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போயிற்று என்று முடிவுகட்டிக்கொண்ட முகம் அது.

மதர் மேடைக்கு வந்தார். கண்ணாடி இன்னும் கையில்தான் இருந்தது. இங்கிலீஷ் வரும் என்று காத்திருந்தோம்.

"ஏ புள்ளையளா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? எனக்குச் சொந்த ஊரு மணப்பாடு, உவரி மாதிரியே கடக்கரை. ஊர் பேருலயே பாடு இருக்கு."

என் பக்கத்தில் பேச்சி, "ரோமாபுரி போச்சு" என்று முணுமுணுத்தாள்.

"நீங்க இங்கிலீஷ்ல எழுதி அனுப்பினதைப் படிச்சேன். நம்ம சனங்க இப்படிச் சொல்லியிருப்பாங்களான்னு மனசுல ஒட்டவே இல்ல. இங்கிலீஷ்ல இருந்ததால எனக்கும் பிடிபடல. இந்தப் பிள்ளை வாயால அதைக் கேட்டதும் எங்க அம்மா குரலு கேட்டமாதிரி இருந்தது." கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். "எங்கப்பா கட்டுமரத்துல போனவரு. சில நாளு எங்கம்மா கரைக்குப் போய்ட்டு வெறும் பெட்டியோட வருவா. 'இன்னைக்குப் பாடு இல்ல'ன்னு ஒரே சொல்லுதான் சொல்லுவா. நாங்க ஒண்ணும் கேக்காம, பைய எந்திரிச்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம். பாடு இல்லாத நாளுதான் எங்களுக்குப் பாடு."

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். போட்டதும் பழைய மதர் திரும்பிவிட்டார். பாடப்புத்தகத் தமிழில் அனைவருக்கும் நன்றி கூறி, தேநீர் வெளியே வைக்கப்பட்டிருப்பதாக அறிவித்தார். லீலா மிஸ்ஸின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தேநீரை மிஸ் குடிக்கவே இல்லை, கையிலேயே வைத்திருந்தார்.

அந்தக் கல்வியாண்டு முழுதும் மிஸ் தற்காலிக ஆசிரியையாகவே ஓட்டினார். மதரும் வாய் திறக்கவில்லை. மறுபடி பங்குனி வெயில் வந்தது. தேர்வுக்கு முன்னால் ஒருநாள், நானும் பேச்சியும் மிஸ்ஸும் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். மதர் எங்களைக் கடந்து போனார். போனவர் நின்று, திரும்பாமலே கேட்டார்.

"லீலா, இந்த லீவுக்குப் பாடு உண்டா?"

"ரெண்டு பாடும் உண்டு மதர்" என்றார் மிஸ்.

"அப்ப ஆபீசுக்கு வந்து நிரந்தர ஆர்டரை வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு மதர் நடந்துபோனார்.